கறுப்புக் கோட்டைக் கழற்றிய பிறகும் லோயர்தானா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் பல வருடம் கிளாக்காக இருந்தேன். வேலையை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கையில் ஒரு கடிதத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அதில் ஒரு வகைக் கேள்வி ஓயாமல் வருகிறது: "அவர் எங்க வழக்குப் பேசினவர் இல்ல அண்ணே. ஆனா அவர் ஒரு லோயர். எங்களுக்கு இப்படிச் செஞ்சிட்டார். எங்க போய்ச் சொல்றது?" சீட்டுக் காசு, வீட்டு வேலைக்குப் போன பிள்ளை, திரும்பி வந்த காசோலை, குடிபோதையில் ஓட்டிய வாகனம் என்று விஷயம்தான் மாறும்.

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு லோயரோடு தொடர்பு ஏற்படுவது நீதிமன்றத்தில் அல்ல. கோயில் கமிட்டியில், தொழிற்சங்கத்தில், தேர்தல் மேடையில், இல்லையென்றால் அவருடைய வீட்டுச் சமையலறையில். அதனால் இந்தப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் அவரிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரன் இல்லை. முறைப்பாடு செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. "நான் அவருக்கு பீஸ் கட்டவில்லையே" என்று நினைத்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒருவர் சட்டத்தரணியாக இருக்கத் தகுந்தவரா என்பதுதான் இங்கே விசாரணைக்கு வருகிறது. அதைச் சொல்பவர் கட்சிக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா, வேலைக்காரரா என்பது முக்கியமில்லை. நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தானாகவே கவனித்தும் நடவடிக்கை எடுக்கலாம்.

வேலைக்கு வெளியே நடந்ததற்கும் நடவடிக்கை எடுக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இரண்டு இடங்களில். முதலாவது, 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம். அதன் 42ஆம் பிரிவு, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம், தவறு ஆகியவற்றில் எதையாவது செய்த சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பதவியிலிருந்து நீக்கவோ உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் ஒன்றாக அமர்ந்து தீர்மானிக்கலாம் என்கிறது. இந்த நான்கு சொற்களையும் நிதானமாகப் பாருங்கள். தொழிலோடு ஒட்டியது இரண்டாவது ஒன்றுதான். வஞ்சகமும் குற்றமும் வழக்குக் கட்டுக்குள்தான் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இரண்டாவது, அரசியலமைப்பின் 136ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய விதிகள். அதில் 60ஆவது விதியும் 61ஆவது விதியும் முக்கியம். நல்ல பெயரும் திறமையும் உள்ள சக சட்டத்தரணிகள் பார்த்தால் "இது வெட்கக்கேடு" என்று நியாயமாகச் சொல்லக்கூடிய எதையும் செய்யக்கூடாது என்பது 60ஆவது விதியின் சாரம். 61 இன்னும் சுருக்கம்: சட்டத்தரணிக்குத் தகாத விதத்தில் நடக்கக்கூடாது. இரண்டிலும் "நீதிமன்றத்துக்குள்" என்ற எல்லைக் கோடு கிடையாது.

அவருடைய வீட்டு விஷயம் அவருடையது. அதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. பதில், அவர் உள்ளே வந்த வாசலிலேயே இருக்கிறது. அதே நீதித்துறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி ஒருவரைச் சட்டத்தரணியாகச் சேர்க்க அறிவும் திறமையும் மட்டும் போதாது, நற்பெயரும் வேண்டும். சட்டக் கல்லூரிப் பரீட்சையில் எவ்வளவு நல்ல புள்ளி எடுத்தாலும் அந்த மூன்றாவது இல்லாமல் சத்தியப்பிரமாணம் கிடையாது. நுழைவதற்குத் தேவைப்பட்ட ஒன்று, நுழைந்த மறுநாள் தேவையில்லாமல் போய்விடுமா?

காசை வைத்துப் பாருங்கள். விபத்தில் கால் போன ஒருவருடைய நட்டஈட்டுக் காசு லோயரின் கைவழியாகத்தான் வருகிறது. செத்துப்போன அப்பாவின் சேமலாப நிதிப் பத்திரங்களை அவரிடம்தான் ஒப்படைக்கிறோம். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்தும் போடுகிறோம், ஏனென்றால் பத்திரம் நமக்குத் தெரியாத பாஷையில் இருக்கிறது. லயத்துப் பெண்களின் சீட்டுக் காசைச் சுருட்டிய ஒருவரிடம் இதையெல்லாம் நம்பிக் கொடுப்பீர்களா? உயர் நீதிமன்றம் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். பழைய ஆட்கள் அப்புக்காத்து (அட்வகேட்) வேறு, பிறக்கிராசி (புரொக்டர்) வேறு என்று லோயர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவார்கள். 1974இலிருந்து அந்த இரண்டு வகையும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணிதான். பெயர் மாறினாலும் இந்த எதிர்பார்ப்பு மாறவில்லை.

சீட்டுப் பிடித்தார், காசோடு நின்றுவிட்டார். கொடுத்த காசோலையும் வங்கியில் திரும்பிவிட்டது. இது போதுமா?

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கடன் வாங்கி, நிலைமை கெட்டு, கொடுக்க முடியாமல் திண்டாடுவது ஒன்று. லோயருக்கும் கடன் இருக்கலாம். அது வெட்கம்தான், ஆனால் குற்றமில்லை. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் "நான் லோயர், என்னை நம்புங்கள்" என்று சொல்லிக் காசு வாங்குவது வேறு. அது வஞ்சகம். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் தவறும்கூட.

ஆகவே முறைப்பாட்டில் "காசு தரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன சொல்லி வாங்கினார், எந்தத் திகதியில், யார் பக்கத்தில் இருந்தார்கள், திரும்பக் கேட்டபோது என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தால் அது இன்னும் கனமான விஷயம். 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யவே முடியாது. கறுப்புக் கோட்டு அந்த அனுமதிப்பத்திரம் ஆகாது.

எங்கள் பிள்ளை கொழும்பில் ஒரு லோயர் வீட்டில் வேலைக்கு இருந்தாள். அடித்திருக்கிறார்கள். சம்பளமும் தரவில்லை.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் முழு நேரத்தையும் கொடுப்பேன். தோட்டத்திலிருந்து ஒரு தரகர் மூலம் போகும் பிள்ளைக்கு வேலை ஒப்பந்தம் இருக்காது, கையில் போன் இருக்காது, அந்த வீட்டு விலாசம்கூட அம்மாவுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. எதிரே நிற்பவரோ சட்டம் படித்தவர். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடப்பதை "வேலைக்கு வெளியே நடந்தது" என்று சொல்லிக் கடந்துபோகவே கூடாது என்பது என் கருத்து. சட்டம் தெரியாதவர் செய்தாலும் பிழைதான். தெரிந்தவர் செய்தால் அது எப்படிச் சின்னதாகும்?

முதலில் பிள்ளையை வெளியே எடுங்கள். பொலிஸுக்குப் போங்கள். வயது குறைந்த பிள்ளை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை எழுதப்படுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 2021இல் 16 ஆக உயர்த்திவிட்டார்கள். அதற்குக் கீழே என்றால் அடித்தாரா இல்லையா என்பதற்கு முன்பே, வேலைக்கு வைத்ததே தவறு.

இவ்வளவும் குற்றவியல் பக்கம். அதோடு சேர்த்து, அவர் சட்டத்தரணி என்பதால் உயர் நீதிமன்றத்துக்கும் எழுதலாம். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "பேசித் தீர்ப்போம், சம்பளத்தோடு கொஞ்சம் கூடத் தருகிறேன்" என்று தரகர் வந்து நிற்பார். சம்பளம் உங்கள் உரிமை, வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டினார், ஆள் செத்துவிட்டது. லோயர் பட்டம் போய்விடுமா?

தானாகப் போகாது. 1957இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்த்த சீம்ஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். ஒரு பாரிஸ்டர் குடித்துவிட்டு ஓட்டியதில் ஒருவர் இறந்தார். சிறைத்தண்டனை கிடைத்தது. மாநில நீதிமன்றம் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரையே அழித்துவிட்டது. மேலே போனபோது பெரும்பான்மை நீதிபதிகள் அதை மாற்றி, சிறையில் இருக்கும் காலத்துக்கு இடைநிறுத்தினால் போதும் என்றார்கள். தண்டனை என்ற சொல்லை மட்டும் பார்க்கக்கூடாது, அந்தச் சம்பவம் அந்த மனிதரைப் பற்றி என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே காரணம். அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆனால் யோசிக்க உதவும்.

எனக்குக் கேட்டால், ஓட்டியதைவிட அதற்குப் பிறகு நடந்தது முக்கியம். ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரா, அல்லது ட்ரைவரை ஸ்டேரிங்கில் உட்கார வைத்து "நீ ஓட்டினாய் என்று சொல்" என்றாரா? இரண்டாவது என்றால் அது விபத்துக் கதை இல்லை, பொலிஸையும் நீதிமன்றத்தையும் ஏமாற்றிய கதை.

பெண்டாட்டியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு இருக்கிறார். எழுதிப் போடலாமா?

எழுதலாம், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நடக்கவும் வேண்டியதில்லை. ஊர் வாய்க்கு ருசியான விஷயம் எல்லாம் ஒழுக்காற்று விஷயம் ஆகாது. 2020இல் இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. பெரிய நிறுவனமொன்றின் பங்காளிச் சட்டத்தரணி, அங்கே வேலை செய்த இளையவர் ஒருவரோடு நடந்துகொண்ட விதம் பற்றியது. ஒழுக்காற்று மன்றம் 35,000 பவுண் தண்டம் போட்டது. மேலே போனபோது உயர்மன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒருவரின் தனிவாழ்க்கைக்குள் கை வைப்பதானால், அது அவருடைய தொழிலையோ தொழிலின் பெயரையோ உண்மையிலேயே தொட வேண்டும் என்று சொன்னது.

ஆனால் முதல் திருமணம் சட்டப்படி இருக்கும்போதே இரண்டாவது பதிவு செய்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின்படி தவறு. மனைவியை அடிப்பது வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் போட்ட பாதுகாப்புக் கட்டளையை ஒரு சட்டத்தரணியே மீறினால், நீதிமன்றத்தை மதிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் மதிக்கவில்லை என்றாகிவிடும். அங்கே "வீட்டு விஷயம்" என்ற பேச்சு எடுபடாது.

ஊர்வலத்தில் கைதானவர், அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர் எல்லாம் இதில் மாட்டுவார்களா?

இதில் வரலாறு கொஞ்சம் கசப்பானது. காந்தியை 1922இல் இராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பினார்கள். அதே வருடம் லண்டனின் இன்னர் டெம்பிள் அவருடைய பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து வெட்டியது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து. நம் வ.உ.சிதம்பரம்பிள்ளைக்கும் அதேதான். 1908இல் சிறைக்குப் போனார், வக்கீல் தொழில் செய்யும் அனுமதியான சன்னத்தும் போனது. 1912இல் வெளியே வந்தவர் பிழைப்புக்குப் பட்ட பாடு தமிழ்நாடு அறியும். பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னத்தைத் திரும்பக் கொடுக்க உதவினார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

"குற்றம்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். சம்பளப் போராட்டத்தில் தோட்டத்து ஆட்களோடு வீதியில் உட்கார்ந்த ஒரு லோயரையும் விதவையின் காசைத் தின்ற ஒரு லோயரையும் ஒன்றாக வைப்பது எனக்குச் சம்மதமில்லை. முன்னவரிடம் வஞ்சகம் எங்கே இருக்கிறது?

பேஸ்புக்கில் நம் ஆட்களைக் கேவலமாக எழுதுகிறார். "தோட்டக்காட்டான்" என்றுகூட.

அந்தச் சொல்லை வாசிக்கும்போது வரும் எரிச்சல் எனக்கும் வரும். படித்தவர் வாயிலிருந்து வரும்போது இரண்டு மடங்கு. 61ஆவது விதியைக் காட்டி முறைப்பாடு செய்ய இடமிருக்கிறது. ஒரே ஒரு தடவை கோபத்தில் எழுதியதென்றால் நீக்கம் வரை போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சமூகத்துக்கு எதிராகப் பகையைத் தூண்டி, வன்முறைக்கு வழிகாட்டும் எழுத்து என்றால் 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆவது பிரிவே குறுக்கே வரும். பதிவை அழித்துவிடுவதற்கு முன் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள்.

பொலிஸில் வழக்கு முடிந்து தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சட்டம் "தண்டிக்கப்பட்டால்" என்று சொல்லவில்லை. குற்றத்துக்கோ வஞ்சகத்துக்கோ ஆளானவராக இருந்தால் என்றுதான் சொல்கிறது, அதை உயர் நீதிமன்றமே விசாரித்துப் பார்க்கலாம். குற்றவியல் வழக்கும் சேர்ந்து நடக்கும்போது, அது முடியட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. தண்டனைத் தீர்ப்பு கையில் இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும், அவ்வளவுதான்.

சரி, எப்படி எழுதுவது? எங்கே அனுப்புவது?

இரண்டு வாசல். ஒன்று உயர் நீதிமன்றம்: பிரதம நீதியரசருக்கு என்று எழுதி, கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றப் பதிவாளர் ஊடாக அனுப்புவது. மற்றது இலங்கை சட்டத்தரணிகள் சங்கம். சங்கம் இரண்டு பக்கத்தையும் கேட்டு விசாரிக்கும், ஆனால் பெயரை அழிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது உயர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். சங்கத்துக்குப் போட்ட கடிதத்தோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தோடு, எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து கொடுக்கும் சத்தியக்கடதாசியும் வேண்டும். சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போடலாம். தோட்டத்திலோ டவுணிலோ ஒரு ஜே.பி. கட்டாயம் இருப்பார். கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். நான் கிளாக்காக இருந்த காலத்தில் பார்த்த பெட்டிசங்களில் முக்கால்வாசி கெட்டுப்போனது மிகைப்படுத்தியதால்தான். ஐம்பதாயிரம் ஏமாந்தவர் ஐந்து லட்சம் என்று எழுதுவார். அந்த ஒரு பொய் பிடிபட்டதும் உண்மையான ஐம்பதாயிரமும் சேர்ந்து போய்விடும். பற்றுச்சீட்டு, காசோலைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, போன் மெசேஜ் எல்லாவற்றிலும் பிரதியை இணையுங்கள். மூலப்பிரதி உங்கள் ட்ரங்குப் பெட்டியில் இருக்கட்டும். பதிவுத்தபாலில் போட்டு அந்தத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

எழுதத் தெரியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். உங்கள் டவுண் லோயர் இன்னொரு டவுண் லோயருக்கு எதிராக எழுதத் தயங்கலாம். அது மனித சுபாவம், கோபித்துக்கொள்ளாமல் வேறு ஊருக்குப் போங்கள்.

அனுப்பிய பிறகு?

காத்திருப்பு. வருடக்கணக்கில்கூட ஆகலாம். அடிப்படை இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் அந்தச் சட்டத்தரணிக்கு எதிராக "ரூல்" ஒன்று பிறப்பிக்கும். குற்றச்சாட்டின் பிரதியோடு, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் காட்டச் சொல்லும் அறிவித்தல் அவருடைய கையிலேயே சேர்க்கப்பட வேண்டும். அவர் தனக்காக வாதாடலாம், சட்டத்தரணியும் வைத்துக்கொள்ளலாம். உங்களையும் சாட்சிக்கு அழைக்கக்கூடும். குறுக்குக் கேள்வி வரும். எழுதியதை எழுதியபடி சொன்னால் போதும்.

என் காசு திரும்பக் கிடைக்குமா?

இந்த வழியில் கிடைக்காது. ஒழுக்காற்று விசாரணை அவருடைய பட்டத்தைப் பற்றியது, உங்கள் பணத்தைப் பற்றியது இல்லை. காசுக்கு மத்தியஸ்த சபை, மாவட்ட நீதிமன்றம், பொலிஸ் என்று வேறு பாதைகள்தான்.

இடையில் சமாதானமாகிப் போனால்?

போகலாம். ஆனால் நீங்கள் வாபஸ் வாங்கியதற்காக நீதிமன்றம் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்றில்லை. முறைப்பாட்டை மிரட்டலுக்குப் பயன்படுத்தி "இவ்வளவு தந்தால் கடிதத்தைத் திரும்ப எடுப்பேன்" என்று பேரம் பேசினால் மாட்டப்போவது நீங்கள்.

எங்களை மிரட்டினால்? மானநஷ்ட வழக்குப் போட்டால்?

நேர்மையாக, உரிய இடத்துக்கு அனுப்பிய முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அதே விஷயத்தைப் படத்தோடு பேஸ்புக்கில் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இணையத்தில் எழுதுவதற்கென்று 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எழுதுங்கள், ஆனால் புதுக்கடைக்கு எழுதுங்கள். குற்றம் ஒன்றுக்கு ஆளானவரையோ சாட்சியையோ மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனித் தவறு. மிரட்டல் வந்த அன்றே பொலிஸில் பதியுங்கள்.

அவர் நொத்தாரிசு. அல்லது ஜே.பி. அல்லது நீதவான். அதே இடமா?

நொத்தாரிசு பெரும்பாலும் சட்டத்தரணியாகவும் இருப்பார், ஆனால் உறுதி எழுதும் அனுமதி நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்குப் பதிவாளர் நாயகத்துக்கும் எழுத வேண்டும். ஜே.பி. பற்றி நீதி அமைச்சுக்கு. நீதவான், மாவட்ட நீதிபதி என்றால் நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு.

நீக்கப்பட்டவர் திரும்ப வர முடியுமா?

விண்ணப்பிக்கலாம். திருந்திவிட்டார், மறுபடி நம்பலாம் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்துவது அவருடைய பாடு. சில வருடம் கடந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

தமிழில் எழுதலாமா அண்ணே? எங்களுக்கு அதுதான் வரும்.

தாராளமாக. அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் சிங்களத்திலோ தமிழிலோ பத்திரம் தாக்கல் செய்யலாம். விசாரணையில் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்தால் வேலை கொஞ்சம் சீக்கிரம் நகரும். அதற்காகத் தெருவில் இருக்கும் யாரிடமாவது காசு கொடுத்து, உங்களுக்கே விளங்காத ஒன்றில் கையெழுத்துப் போடுவதைவிட, தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்புவது மேல். எழுதி முடித்ததும் பக்கத்து லயத்துப் படித்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.